செல்லில் எண்ணை மாற்றினால் சார்ட் அச்சும் மாற: தோட்ட ஆபிஸ் கணக்கோடு ஒரு வழிகாட்டி

எக்செல் சார்ட்டின் இடது பக்க அச்சு எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிய வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், எக்செல் தானே முடிவு செய்துகொள்ளும். ஒரே ஒரு சார்ட் போட்டு ஒரு முறை பார்க்கிறவருக்கு அது போதும். மாதாமாதம் அதே ரிப்போர்ட்டைப் போடுகிறவருக்கும், நாலு சார்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒப்பிடுகிறவருக்கும் அது போதாது. அச்சின் அளவை ஒரு செல்லில் எழுதிவைத்து, அந்தச் செல் மாறினால் அச்சும் மாறும்படி செய்வது எப்படி என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். கூட்டல் ஃபார்முலா போடத் தெரிந்தவர் என்றால் இதுவும் கைவரும்.

உதாரணத்துக்கு வெளியே போக வேண்டாம். மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி, அதாவது பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் நம் ஊரைச் சுற்றி, எங்கு திரும்பினாலும் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப் பனை. 1917-இல் இந்நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டமும் இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. இங்கே ஆபிஸ் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் கையில் வருவது இரண்டு கணக்கு: ஒவ்வொரு டிவிஷனிலும் அன்றாடம் எத்தனை டன் குலை வெட்டினார்கள், மில்லில் குலையின் எடையில் எத்தனை விழுக்காடு எண்ணெய் இறங்கியது. இந்த இரண்டுமே அச்சு விஷயத்தில் ஆளை ஏமாற்றக்கூடியவை. அதுவும் வேறு வேறு விதமாக.

எக்செல் எப்படி முடிவெடுக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தானியங்கி நிலையில் எக்செல் உங்கள் எண்களில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் பார்க்கும். சிறிய எண், பெரிய எண்ணில் ஆறில் ஐந்து பங்கைத் தாண்டினால் அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்காது. எண்கள் நெருக்கமாக இருக்கின்றன, அருகில் போய்க் காட்டுவோம் என்று மேலே எங்கோ தொடங்கிவிடும். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

இப்போது ஒரு நாள் வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ டிவிஷன் 24 டன், பி டிவிஷன் 28 டன், மற்ற இரண்டும் நடுவில். 28-இல் ஆறில் ஐந்து பங்கு 23.3. சிறிய எண்ணான 24 அதைத் தாண்டிவிட்டது. ஆகவே தூண் சார்ட் பூஜ்ஜியத்தில் தொடங்காது. அச்சு 22-இல் தொடங்கினால் ஏ டிவிஷனின் தூண் 2 டன் உயரம், பி டிவிஷனின் தூண் 6 டன் உயரம். பார்க்கிறவர் கண்ணுக்கு மூன்று மடங்கு.

புதிதாக வந்த தம்பி ஒருவர் இப்படி ஒரு சார்ட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பி டிவிஷன்ல மூணு பங்கு வெட்டியிருக்காங்க போல, ஏ-ல ஆள் வரலையா?" என்று கேட்டார்.

"தூணைப் பார்க்காத தம்பி, எண்ணைப் பாரு. நாலு டன்தான் வித்தியாசம்."

அவர் கேட்டதில் குற்றமே இல்லை. தூண் சார்ட்டில் கண் உயரத்தைத்தான் அளக்கும். அதனால் தூண் சார்ட் என்றால் அச்சு பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வெட்டுக்காரர் ஒருவரின் உழைப்பு மேனேஜர் மேசையில் மூன்றில் ஒரு பங்காகத் தெரியக்கூடாது. கோட்டுச் சார்ட் வேறு. அங்கே கண் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது, பூஜ்ஜியம் கட்டாயமில்லை.

ஃபார்மேட் ஆக்சிஸ் பெட்டியில் என்ன முடியும், என்ன முடியாது

அச்சின் எண்கள் மேல் வலது கிளிக் செய்து ஃபார்மேட் ஆக்சிஸ் போங்கள். பவுண்ட்ஸ் என்பதன் கீழ் மினிமம், மேக்சிமம் என இரண்டு பெட்டிகள் இருக்கும். அவற்றின் கீழே யூனிட்ஸ், அதில் மேஜர். பக்கத்தில் ஆட்டோ என்று இருந்தால் எக்செல் முடிவு செய்கிறது என்று அர்த்தம். நீங்கள் ஓர் எண்ணைத் தட்டினால் ஆட்டோ போய் ரீசெட் வரும், அதன் பிறகு அச்சு அங்கேயே நிற்கும்.

அங்கேயே நிற்பதுதான் சிக்கல். 40 என்று கட்டிப்போட்டால், வருடத்தின் பிற்பாதியில் குலை மிகுந்து வரும் மாதங்களில் 57 டன் வந்த நாளின் தூண் 40-இலேயே வெட்டுப்படும். பார்க்கிறவருக்கு 41-ம் 57-ம் ஒன்றுதான். அதற்காக 100 என்று போட்டால் குறைந்த மாதத்தில் தூண்களெல்லாம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். சரி, அந்தப் பெட்டியில் சமக்குறி போட்டு ஒரு செல்லைக் காட்டலாமே என்று தோன்றும். முடியாது. சார்ட்டின் தலைப்பை ஒரு செல்லோடு இணைக்கலாம், அச்சின் எல்லையை இணைக்க எக்செல் வழி வைக்கவில்லை. எனவே சுற்றிப்போக வேண்டியிருக்கிறது. சுற்றுவழி இரண்டு: ஒன்று மேக்ரோ இல்லாமல், இன்னொன்று மேக்ரோவோடு. மேக்ரோ என்றால் எக்செல் தானே செய்யும்படி எழுதிவைக்கும் கட்டளைகள்.

முதலில் மூன்று செல்கள்

எந்த வழியானாலும் அடித்தளம் இதுதான். பி5 முதல் ஈ35 வரை நாலு டிவிஷனின் ஒரு மாத வெட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எச்2-இல் உச்சம், எச்3-இல் தொடக்கம், எச்4-இல் படி. படி என்றால் அச்சில் எத்தனை எத்தனையாக எண் ஏற வேண்டும் என்பது.

எச்4-இல் 10 என்று தட்டுங்கள். எச்3-இல் 0. எச்2-இல் இந்த ஃபார்முலா (ஃபங்ஷன் பெயரையும் செல் எழுத்தையும் நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், இங்கே உச்சரிப்பை எழுதுகிறேன்):

=சீலிங்(மேக்ஸ்(பி5:ஈ35)*1.05, எச்4)

மேக்ஸ் மாதத்தின் பெரிய எண்ணைப் பிடிக்கிறது. 1.05-ஆல் பெருக்குவது தூணின் தலை கூரையில் இடிக்காமல் இருக்க. சீலிங் அதைப் படியின் மடங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்குகிறது. பெரிய எண் 57.4 என்றால், 60.27 ஆகி, 70-இல் வந்து நிற்கும்.

படியைத் தனிச் செல்லில் வைத்து, சீலிங்கிலும் அதையே கொடுத்ததற்குக் காரணம் உண்டு. உச்சம் 65, படி 10 என்று இருந்தால் அச்சில் 60 வரைதான் எண் வரும், மேலே எண்ணில்லாத ஒரு பாதிக் கட்டம் தொங்கிக்கொண்டிருக்கும். தொடக்கமும் உச்சமும் படியின் மடங்காக இருந்தால் இந்தத் தொல்லை வராது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் செல்களில் "70 டன்" என்று எழுத்தையும் சேர்த்துத் தட்டாதீர்கள். அப்படித் தட்டினால் அது எண்ணே அல்ல, வெறும் எழுத்து. டன் என்று தெரிய வேண்டுமானால் ஃபார்மேட் செல்ஸ் போய், கஸ்டம் என்பதில் 0 போட்டு, அதன் பின் இரட்டை மேற்கோளுக்குள் டன் என்று தமிழிலேயே எழுதுங்கள். செல்லில் 70 டன் என்று தெரியும், உள்ளே 70 எண்ணாகவே இருக்கும்.

மேக்ரோ இல்லாத வழி: டம்மி வரிசை

எக்செல் எல்லா வரிசைகளையும் பார்த்துத்தானே அச்சைத் தீர்மானிக்கிறது? அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசையைச் சார்ட்டுக்குள் விட்டால், அது அச்சை நாம் விரும்பும் இடம் வரை இழுத்துவிடும்.

எச்5-இல் =எச்2*0.95 என்றும், எச்6-இல் =எச்3 என்றும் போடுங்கள். 0.95 எதற்கு என்றால், எக்செல் பெரிய எண்ணுக்கு மேலே தானாகவே கொஞ்சம் இடம் விடும். முழு 70-ஐக் கொடுத்தால் அச்சு 80-க்குப் போய்விடும். 66.5 கொடுத்தால் பெரும்பாலும் 70-இல் நிற்கும்.

சார்ட் மேல் வலது கிளிக் செய்து செலக்ட் டேட்டா, அதில் ஆட். சீரீஸ் வேல்யூஸ் பெட்டியில் எச்5:எச்6-ஐக் காட்டி ஓகே செய்யுங்கள். தூண் சார்ட் என்றால் புதிதாக ஒரு தூண் முளைத்து மற்றவற்றை நெருக்கும். அதன் மேல் வலது கிளிக் செய்து, சேஞ்ச் சீரீஸ் சார்ட் டைப் போய், அந்த ஒரு வரிசையை மட்டும் லைன் என மாற்றுங்கள். பக்கத்தில் செகண்டரி ஆக்சிஸ் என்ற கட்டத்தில் டிக் இருக்கக்கூடாது. இருந்தால் அது தனக்கென வலது பக்கம் வேறு அச்சைப் பிடித்துக்கொள்ளும், நம் அச்சு அசையாது. அப்புறம் அந்தக் கோட்டுக்கு நோ லைன், புள்ளிகள் இருந்தால் மார்க்கர் நன். கடைசியில் லெஜண்டில், அதாவது வரிசைகளின் பெயர்ப் பட்டியலில், அதன் பெயரை மட்டும் தனியாகத் தொட்டு அழித்துவிடுங்கள்.

நாலு டிவிஷனுக்கும் தனித்தனிச் சார்ட் போடுகிறீர்கள் என்றால், நாலிலும் இதே எச்5:எச்6-ஐச் சேருங்கள். சார்ட்டுகளின் அளவும் எழுத்தின் அளவும் ஒன்றாக இருந்தால் நாலும் ஒரே அச்சில் நிற்கும். அதோடு எச்6 பூஜ்ஜியமாக இருப்பதால் தூண்களும் பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும். டன் கணக்குக்கு இது தாராளம். மேக்ரோ இல்லை என்பதால் ஃபைலை யாருக்கு அனுப்பினாலும் ஓடும்.

ஆனால் எண்ணெய் விழுக்காட்டுக்கு இது உதவாது. ஏன் என்று பாருங்கள். எண்ணெய் இறக்கம் நம் நாட்டில் சுமார் 20 விழுக்காட்டை ஒட்டியே ஓடும். 19.4, 20.1, 20.6 என்று நகரும். பூஜ்ஜியத்தில் தொடங்கினால் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகக் கிடக்கும், பழுக்காத குலை கலந்து விழுக்காடு இறங்கினால்கூடத் தெரியாது. ஆட்டோவில் விட்டால் இந்த மாதம் ஓர் அச்சு, அடுத்த மாதம் வேறோர் அச்சு. 0.3 இறங்கியது ஒரு மாதம் பள்ளத்தாக்காகவும் அடுத்த மாதம் சின்னச் சரிவாகவும் தெரியும். நமக்கு வேண்டியது எப்போதும் 18 முதல் 22 வரை. சரி என்று டம்மி வரிசையில் 18-ஐயும் 22-ஐயும் கொடுத்தால், 22-இல் ஆறில் ஐந்து பங்கு 18.33. சிறிய எண் 18 அதற்குக் கீழே. உடனே எக்செல் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும்! டம்மி வரிசை அச்சை விரிக்கும், சுருக்காது. இதை நினைவில் வைத்தால் எந்தச் சார்ட்டுக்கு எந்த வழி என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மேக்ரோ வழி: எக்செலையே எழுத விடுங்கள்

மேக்ரோ என்றதும் பலர் பயந்து எழுந்துவிடுகிறார்கள். முழுவதையும் நாம் எழுதத் தேவையில்லை. நாம் செய்வதை எக்செல் பார்த்து எழுதிக்கொள்ளும், நாம் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். எண்ணெய் விழுக்காட்டுச் சார்ட் இருக்கும் ஷீட்டில் எச்2-இல் 22, எச்3-இல் 18, எச்4-இல் 1 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

1. வியூ டேபில் மேக்ரோஸ், அதில் ரெக்கார்ட் மேக்ரோ. பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள், "அச்சு" என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும்.
2. சார்ட்டைத் தொட்டு, அச்சின் ஃபார்மேட் ஆக்சிஸ் திறந்து, மினிமம், மேக்சிமம், மேஜர் மூன்றிலும் ஏதாவது ஓர் எண்ணைத் தட்டி என்டர் கொடுங்கள். ஏற்கனவே இருக்கும் எண்ணையே மறுபடி தட்டாதீர்கள், மாற்றம் இருந்தால்தான் பதிவாகும். எந்த எண் என்பது முக்கியமில்லை, பிறகு மாற்றப்போகிறோம்.
3. மறுபடியும் வியூ, மேக்ரோஸ், ஸ்டாப் ரெக்கார்டிங்.
4. ஆல்ட்டும் எஃப்11-உம் சேர்த்து அழுத்துங்கள். மேக்ரோவின் வரிகள் இருக்கும் விபிஏ எடிட்டர் திறக்கும். இடது பக்கம் மாட்யூல்ஸ் என்பதன் கீழ் மாட்யூல்1-ஐ இருமுறை கிளிக் செய்யுங்கள்.

அங்கே இந்த மாதிரி வரிகள் இருக்கும், ஆங்கிலத்தில்:

ஆக்டிவ்சார்ட்.ஆக்சஸ்(எக்ஸ்எல்வேல்யூ).மேக்சிமம்ஸ்கேல் = 25

மினிமம்ஸ்கேல் என்று முடியும் வரி ஒன்று, மேஜர்யூனிட் என்று முடியும் வரி ஒன்று. சமக்குறிக்கு வலது பக்கம் இருக்கும் எண்ணை அழித்துவிட்டு இப்படி எழுதுங்கள்:

ஆக்டிவ்ஷீட்.ரேஞ்ச்("எச்2").வேல்யூ

மினிமம் வரியில் எச்3, மேஜர் வரியில் எச்4. அவ்வளவுதான். எக்செலுக்குத் திரும்பி எச்2-இல் வேறு எண்ணைப் போட்டு, ஆல்ட் எஃப்8 அழுத்தி, பட்டியலில் உங்கள் மேக்ரோவைத் தேர்ந்து ரன் கொடுங்கள். அச்சு நகரும்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஷீட்டில் தமிழ் அழகாக வரும், ஆனால் விபிஏ எடிட்டர் தமிழ் எழுத்தை ஏற்பதில்லை, கேள்விக்குறிகளாக்கிவிடும். எனவே மேக்ரோவில் வரும் பெயர் எதுவும் தமிழில் இருக்கக்கூடாது. சார்ட்டுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் ஆல்ட் எஃப்10 அழுத்தி, வலது பக்கம் வரும் பட்டியலில் அந்தப் பெயரை இருமுறை கிளிக் செய்து ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் ரெக்கார்ட் செய்யுங்கள். சார்ட்டின் தலைப்பு தமிழில் இருக்கலாம், அது வேறு விஷயம்.

பட்டனா, தானாகவா

ஒவ்வொரு முறையும் ஆல்ட் எஃப்8 அழுத்துவது அலுப்பு. இன்சர்ட், ஷேப்ஸ் போய் ஒரு பெட்டி வரைந்து, அதன் மேல் "அச்சை மாற்று" என்று தமிழிலேயே எழுதுங்கள். வலது கிளிக் செய்து அசைன் மேக்ரோ, உங்கள் மேக்ரோவைத் தேர்ந்து ஓகே. இனி ஒரு கிளிக் போதும்.

முழுக்கத் தானாக நடக்க வேண்டுமானால், விபிஏ எடிட்டரின் இடது பக்கப் பட்டியலில் உங்கள் ஷீட்டின் பெயரை இருமுறை கிளிக் செய்யுங்கள். மேலே இரண்டு இறங்குபட்டியல்கள் இருக்கும். இடதில் வொர்க்‌ஷீட், வலதில் சேஞ்ச். தொடக்க வரியும் முடிவு வரியும் தானே வந்துவிடும். செலக்‌ஷன்சேஞ்ச் என்று இன்னொரு ஜோடியும் கூடவே வந்திருக்கும், அதை அழித்துவிடுங்கள். மாட்யூல்1-இல் இருக்கும் அந்த மூன்று வரிகளை நகல் எடுத்து சேஞ்ச் ஜோடியின் நடுவே ஒட்டுங்கள். ஆக்டிவேட், செலக்ட் என்று முடியும் வரிகள் வேண்டாம், அவை இருந்தால் ஒவ்வொரு முறையும் கர்சர் செல்லை விட்டுச் சார்ட்டுக்கு ஓடிவிடும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஆக்டிவ்சார்ட் என்பதற்குப் பதிலாக இதைப் போடுங்கள்:

மீ.சார்ட்ஆப்ஜெக்ட்ஸ்("சார்ட் 1").சார்ட்

மேற்கோளுக்குள் இருப்பது ரெக்கார்ட் ஆனபோது வந்த சார்ட் பெயர், உங்களுடையது வேறாக இருக்கலாம். வலது பக்கம் ஆக்டிவ்ஷீட் என்ற இடத்திலும் மீ என்று மாற்றுங்கள். இந்த ஷீட் என்று அர்த்தம். வேறு ஷீட் திறந்திருந்தாலும் குழம்பாது.

எண்களை இதே ஷீட்டில் தட்டினால் சேஞ்ச் சரியாக வேலை செய்யும். ஆனால் எண்கள் வேறு ஷீட்டிலிருந்து ஃபார்முலா வழியாக வருகின்றன என்றால், செல்லின் மதிப்பு மாறினாலும் சேஞ்ச் எழும்பாது. யாராவது கையால் தட்டினால்தான் அது எழும்பும். அப்போது வலது பட்டியலில் சேஞ்சுக்குப் பதில் கால்குலேட் என்பதைத் தேர்ந்து, அதே வரிகளை அங்கே வையுங்கள்.

இரண்டில் நான் பட்டனையே சொல்வேன், முக்கியமாக அன்றாடக் கணக்கு ஏற்றும் ஷீட்டில். மேக்ரோ ஓடியதும் அன்டூ போய்விடும். தானாக ஓடும்படி வைத்தால், ஒவ்வொரு எண்ணைத் தட்டும்போதும் மேக்ரோ ஓடி, கன்ட்ரோல் இசட் வேலை செய்யாமல் போகும். ஒரு மாதக் கணக்கைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் தவறுதலாக ஒரு பத்தியை அழித்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கும் ரிப்போர்ட் ஷீட்டில் தானாக ஓடினால் நஷ்டமில்லை.

சேமிக்கும்போதும் அனுப்பும்போதும்

சேவ் ஆஸ் போய், ஃபைல் வகையில் எக்செல் மேக்ரோ எனேபிள்ட் வொர்க்புக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண வகையில் சேமித்தால் மேக்ரோ ஃபைலில் இருக்காது. பிரவுசரில் திறக்கும் எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் இந்த மேக்ரோ ஓடாது. கைப்பேசியில் பார்க்கும் மேனேஜருக்கு அனுப்புவதென்றால் பட்டனை அழுத்தி அச்சைச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள். கடைசியாக நின்ற அளவு ஃபைலிலேயே இருக்கும்.

மின்னஞ்சலில் வந்த மேக்ரோ ஃபைலைத் திறந்தால் சிவப்புப் பட்டை ஒன்று வந்து மேக்ரோவைத் தடுக்கலாம். 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இணையம் வழியாக வரும் ஃபைல்களுக்கு இப்படித் தடை வைத்திருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஃபைல் நம் ஆபிஸ் ஆள் அனுப்பியது என்று உறுதியாகத் தெரிந்தால், ஃபைலை மூடிவிட்டு, அதன் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், கீழே அன்பிளாக் என்ற கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுத்துத் திறங்கள். யார் அனுப்பியது என்று தெரியாத ஃபைலுக்கு அந்த டிக்கைப் போடவே வேண்டாம்.